படத்தில் அவர் நின்ற பக்கம்

புதுச் சாமானைப் பழசாக்க மனிதர் இவ்வளவு பாடுபடுவார்கள் என்பது என் மகளுக்குக் கலியாணம் சரிவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பளிச்சென்று இருந்த வெள்ளை மேசை விரிப்புகளைத் தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு மங்கலாக்கினாள். ஜாம் போத்தல்களின் லேபிளைச் சுடுதண்ணீரில் உரித்துவிட்டுக் கழுத்தில் சணல் கயிறு சுற்றினாள். லுசேர்ணில் ஒரு பழஞ்சாமான் கடையையும் மிச்சம் விடாமல் ஏறி இறங்கி, ஒன்றோடு ஒன்று சேராத அறுபது தேநீர்க் கோப்பைகளை வாங்கி வந்தாள். சேராமல் இருப்பதுதான் அழகாம். என்ன இது என்று கேட்டால் 'விண்டேஜ்' என்றாள். ஊரில் எங்கள் வீட்டிலும் ஒன்றோடு ஒன்று சேராத கோப்பைகள்தான் இருந்தன. அப்போது அதற்கு இல்லாமை என்று பெயர்.

நான் யூஜினி. லுசேர்ண் ஏரிக்கரையில் உள்ள ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பகுதியில் பதின்மூன்று வருடமாக வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு எண்ணூறு துவாய் மடிப்பேன். வீட்டுக்கு வந்தாலும் என் கை சும்மா இராது. பஸ்ஸுக்கு நிற்கும்போது டிக்கெட்டை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டு நிற்பேன். மகள் மதுஜா பூக்கடையில் வேலை. மூன்று வருடம் முறையாகப் பயின்று சோதனை பாஸ் பண்ணிய ஃப்ளோரிஸ்டின். அவளுக்கும் கை சும்மா இராது, ஆனால் அவளுடையது நிதானமான கை.

மண்டபம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஹொக்டோர்ஃப் தாண்டி, ஏரியைப் பார்த்த மேட்டில், ஒரு பண்ணைக்காரரின் பழைய கொட்டிலைப் பேசி வைத்திருந்தாள். ஒக்டோபர் மாதம், இலை பழுக்கிற காலம்.

"மாட்டுக் கொட்டிலுக்கையோ கலியாணம் வைக்கிறது?" என்று கேட்டேன்.

"மாடு இப்ப அங்க இல்லையம்மா. பத்து வருசமாச்சு."

"மணம் இருக்கும்."

"யேசு பிறந்ததும் கொட்டிலுக்கதானே," என்றாள்.

பதில் சொல்ல முடியாத இடத்தில் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிற குணம் அவளுக்குத் தகப்பனிடமிருந்து வந்தது.

தகப்பனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மனுசன் பெயர் ஜெபநேசன். 2009ஆம் ஆண்டு மே மாதம், வட்டுவாகல் பாலத்தடியில், சண்டை முடிந்த கையோடு, பெயரைப் பதிந்துவிட்டு விடுகிறோம் என்று சொல்லி ஆமிக்காரர் ஆண்களை பஸ்ஸில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "போட்டு வாறன்," என்றார். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம்; எங்கள் ஆட்கள் 'போறன்' என்று சொல்வதில்லை. கடைக்குப் பாண் வாங்கப் போகிறவனும் 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லுவான். அது தெரிந்தும் நான் அதை ஒரு வாக்காக எடுத்துக்கொண்டேன். பஸ் போய்விட்டது. பதினாறு வருடமாக ஒரு தகவலும் இல்லை. இருக்கிறார் என்றும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அப்போது மதுஜாவுக்குப் பத்து வயது. பசியிலும் தாகத்திலும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த நாள் அவளுக்கு நினைவிராது என்று நான் நம்பியிருந்தேன். ஏனென்றால் அவள் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

நான் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். இங்கே வந்த பிறகும் தாலியைக் கழற்றவில்லை. நிறச் சேலைகளை விடவில்லை. நவம்பர் மாதத்தில் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள்; பூசை வைக்கிற சுவாமி ஒவ்வொரு வருடமும் என்னை ஒரு பார்வை பார்ப்பார், நான் ஒவ்வொரு வருடமும் கூரையைப் பார்ப்பேன். கதவு திறக்கிற சத்தம் எங்கே கேட்டாலும் என் தலை திரும்பிவிடும். சலவை அறையில்கூட. கூட வேலை செய்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

கலியாணக் கார்ட் அடிக்கிற நேரத்தில்தான் முதல் உரசல் வந்தது. மாப்பிள்ளை ஜெரோசன் நல்ல பிள்ளை, ரயில்வேயில் வேலை. அவனுடைய தாய் றெஜினா அக்கா ஷ்லீரனிலிருந்து எனக்கு ஃபோன் எடுத்தா. அவவும் கெட்ட மனுசி இல்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டா.

"யூஜினி, உங்கட அவற்ற பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற' எண்டு போடுறதோ, எப்பிடி? பிறின்ற் பண்ணுறவர் கேக்கிறார்."

"போடக் கூடாது."

"இல்லை, சனம் கேக்குமெல்லோ, தகப்பன் எங்கயெண்டு..."

"அவர் காலமானவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, அக்கா?"

பிறகு, "சரி, நீங்கள் சொல்லுறமாதிரியே செய்வம்," என்று வைத்துவிட்டா. 'திரு. திருமதி ஜெபநேசன்' என்று கார்ட் வந்தது. மதுஜா அதை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். "சரி அம்மா," என்றாள்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதையும் மறைக்கத் தேவையில்லை. 'காலஞ்சென்ற' என்று அவருக்கு முன்னால் போட்டால், எனக்கு முன்னால் என்ன போடுவது? கோயிலில் எல்லாரும் ஒன்று. கலியாண வீட்டில் அப்படியில்லை. புருசன் இல்லாதவள் மகளின் நெற்றியில் சிலுவை போடும்போதும் நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். நான் அந்த இடத்தில் நிற்க ஆயத்தமாக இல்லை.

செப்டம்பர் முழுக்க எங்கள் குசினி மேசை பூக்களால் நிரம்பிக் கிடந்தது. காய்ந்த ஹைட்றேஞ்சியா, வைக்கோல் நிறப் பூக்கள், காட்டுரோசாவின் சிவந்த காய்கள், செம்மஞ்சள் கூடு கூடாகத் தொங்கும் ஒரு செடி. கம்பி வளையத்தின் மேல் இவற்றை வைத்து மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்ற வேண்டும். மதுஜா 'கிரான்ஸ்' என்று சொல்லி எனக்கும் காட்டித் தந்தாள். இந்த நாட்டில் வீட்டுக் கதவுகளில் தொங்கவிடுகிறார்களே, அதுதான். கொட்டிலின் கதவுக்கும் தூணுக்கும் என்று நினைத்துக்கொண்டு நானும் கட்டினேன். பின்னேரம் வேலையால் வந்து உடுப்பு மாற்றாமலே உட்கார்ந்து கட்டுவேன். பதினொரு வளையத்தில் ஐந்து நான் கட்டியது. அதில் ஒன்று எனக்கே மிகவும் பிடித்திருந்தது: சாம்பல் நீலத்தில் ஹைட்றேஞ்சியா, இடையிடையே சிவப்புக் காய்கள்.

கலியாணத்தன்று காலை ஏழு மணிக்குப் பூக்கடையின் வான் வண்டியில் கொட்டிலுக்குப் போனோம். கோயிலில் இரண்டு மணிக்குத்தான் பூசை. அதற்கு முன் மேசை போட்டு முடிக்க வேண்டும், பதினொரு மணிக்குத் தலை அலங்காரம் செய்கிறவ வருவா. வெளியே பனிப்புகார், ஏரி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பண்ணைக்காரி எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்துவிட்டு, "மேலே வெயில் இருக்கிறது, பத்து மணிக்குப் புகார் விலகிவிடும்," என்று ஜெர்மனில் நம்பிக்கை சொன்னா. நான் நூற்றி நாற்பது மேசைக் கைக்குட்டைகளை இலை வடிவத்தில் மடித்தேன். மடித்து முடிந்ததும் பிரித்து வேறு மாதிரி மடிக்கலாமா என்று யோசித்தேன். ஏன் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை என்று எனக்கே விளங்கவில்லை. மதுஜா ஏணியில் நின்று கூரை மரத்தில் இலைச்சரம் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, படமேசையை ஒருக்காப் பாருங்கோ. நேற்று ஜெரோசனும் நானும் அடுக்கினாங்கள்," என்றாள் மேலிருந்து.

இரண்டு குடும்பத்தின் பழைய கலியாணப் படங்களையும் வைக்கிற மேசை அது. மூன்று மாதத்துக்கு முன் என்னிடமும் கேட்டு வாங்கியிருந்தாள். கொட்டிலின் மூலையில் ஆப்பிள் பெட்டிகளை அடுக்கி, மேலே தேயிலைச் சாயம் ஏறிய விரிப்புப் போட்டு, ஐந்து சட்டங்கள். நான் கிட்டப் போனேன்.

ஐந்து படத்துக்கும் ஐந்து வளையம் மாட்டியிருந்தாள்.

எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படத்துக்குப் பூ மாட்டினால் படத்தில் இருக்கிறவர் இல்லை. அதைவிட வட்டமாகக் கட்டிய பூவென்றால் அது மலர்வளையம். சவப்பெட்டிக்கு மேல் வைக்கிறது. முதல் படத்தில் ஜெரோசனின் அப்பப்பாவும் அப்பம்மாவும். சரி, அவர்கள் போய்விட்டார்கள். இரண்டாவதில் றெஜினா அக்காவின் தாய் தகப்பன். அவர்களும் இல்லை. மூன்றாவதில் என் தாய் தகப்பன். நான்காவதில் றெஜினா அக்காவும் அவவின் மனுசன் சவிரிமுத்து அண்ணையும், தொண்ணூற்றி இரண்டாம் ஆண்டுக் கோலத்தில், மீசையும் மாலையுமாக. இரண்டு பேரும் அந்த நேரத்தில் ஷ்லீரனில் உயிரோடு இருந்து இடியப்பத்துக்குச் சம்பல் அரைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைச் சுற்றி மலர்வளையம். எனக்குச் சிரிப்பும் வந்தது, வேர்வையும் வந்தது. அதைப் பிடுங்கி எடுத்தேன்.

ஐந்தாவது எங்களுடையது.

எங்களிடம் இருக்கிற ஒரே படம். மன்னாரில் எங்கள் ஊர்க் கோயில் வாசலில் எடுத்தது. அவர் இடப்பக்கம் நிற்கிறார், யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டில் கை முழுக்க மூடிக் கிடக்கிறது. வலப்பக்கம் நான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அந்த மே மாதத்தில் பிறப்புச் சான்றிதழ்களோடு பொலித்தீன் பையில் சுற்றி என் இடுப்பில் கட்டி வந்த படம். கீழ் ஓரத்தில் தண்ணீர் பட்ட கறை என் சேலைக் கரையைத் தின்றிருக்கும். அதைச் சுற்றி மாட்டியிருந்தது நான் கட்டிய அந்தச் சாம்பல் நீல வளையம்.

அதையும் கழற்றினேன். கம்பியில் விரல் கிழிந்தது.

"என்ன செய்யிறீங்கள்?" மதுஜா ஏணியால் இறங்கி வந்தாள். "ஏன் கழட்டினனீங்கள்?"

"உனக்கு விசரோ பிள்ளை? உயிரோட இருக்கிற ஆக்களின்ர படத்துக்கு ஆரும் மலர்வளையம் வைப்பினமோ? றெஜினா அக்கா கண்டால் வாசலிலயே விழுந்திடுவா."

"அது கிரான்ஸ் அம்மா. மலர்வளையம் இல்லை."

"வட்டமாய்ப் பூக் கட்டிப் படத்தில வைச்சால் எங்கட ஆக்களுக்கு எல்லாம் ஒண்டுதான்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, மாமியும் மாமாவும்... ஜெரோசனும் ஒண்டும் சொல்லேல்ல. அவனுக்கும் விளங்கேல்ல." சிரித்துக்கொண்டே மேசையைப் பார்த்தாள். இப்போது மூன்று படங்களுக்கு வளையம் இருந்தது, இரண்டுக்கு இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள் எங்கள் படத்தில் நின்றுவிட்டாள்.

"அப்ப வளையம் இருக்கிற ஆக்கள் செத்த ஆக்கள்," என்றாள்.

"ஓம்."

"இல்லாத ஆக்கள் உயிரோட இருக்கினம்."

"ஓம்."

"எங்கட படத்தில?"

"அதில நான் இருக்கிறன்," என்றேன்.

அது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்டதற்குப் பதிலும் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"நீங்கள் இருக்கிறீங்கள்," என்றாள் மெதுவாக. "அப்பா?"

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் வாயில் கேட்கிறேன். நான் கையில் இருந்த வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு காய் உதிர்ந்து நிலத்தில் உருண்டது.

"நேரம் போகுது. கோப்பையெல்லாம் இன்னும் வைக்கேல்ல," என்றேன். "கெதியா வா."

அவள் குனிந்து இரண்டு வளையங்களையும் மேசை விரிப்புக்குக் கீழே, ஆப்பிள் பெட்டிக்குள் தள்ளிவிட்டாள். "சரி அம்மா," என்றாள். இந்த 'சரி அம்மா'வை எனக்குத் தெரியும். கார்ட் வந்த அன்றும் இதே முகம்தான்.

பத்து மணிக்குப் புகார் விலகவில்லை. பதினொன்றுக்கும் விலகவில்லை. தலை அலங்காரக்காரி வந்து மதுஜாவின் கொண்டையில் காய்ந்த பூக்களைச் செருகினா. பழைய மாதிரி லேஸ் வைத்த நீளச் சட்டை, கழுத்து மூடி, கை நீளம். பார்த்தால் ஐம்பது வருடத்துக்கு முந்திய படத்திலிருந்து இறங்கி வந்தவள் மாதிரி இருந்தாள். வடிவாக இருந்தாள், பெற்றவள் சொல்கிறேன் என்று நினைக்கக் கூடாது. நான் அவளுடைய நெற்றியில் சிலுவை போட்டேன். அலங்காரக்காரி போய்விட்டா, நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம், ஒருவரை ஒருவர் பார்க்க நாலு பேர் இல்லை. அப்படியிருந்தும் கெதியாகப் போட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

கோயிலில் நான்தான் அவளைக் கையில் பிடித்து பீடம் வரைக்கும் கூட்டிப் போனேன். முன்வரிசை வாங்கில் என் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் நடைபாதைப் பக்கமாக இருந்த இடத்தில் என் கைப்பையை வைத்தேன். அங்கே வேறு யாரும் உட்காரக் கூடாது. யாரும் உட்கார வரவும் இல்லை, எங்கள் சனத்துக்கு அந்தளவு தெரியும். சுவாமி தமிழில் பூசை வைத்தார். எனக்கு ஒரு வசனமும் காதில் ஏறவில்லை. பூசைப் புத்தகத்தின் மூலையை மடித்தேன், நிமிர்த்தினேன், மடித்தேன். பின்னால் கதவு ஒருதரம் திறந்தது, பார்த்தேன். யாரோ பிள்ளையை வெளியே கொண்டு போகிறார்கள். திரும்பத் திறந்தது, பார்த்தேன். அதே பிள்ளையை உள்ளே கொண்டு வருகிறார்கள். என் மேல் எனக்கே எரிச்சல் வந்தது. மகளின் கலியாணத்தைப் பார்க்க வந்தவள் முதுகுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

வாக்குக் கொடுக்கிற நேரம் வந்தது. ஜெரோசன் சொல்லி முடித்தான். மதுஜா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். "ஜெரோசன், உன்னை என் கணவராக ஏற்று..." என்று பாதி சொன்னபோது, பின்னால் பெரிய கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. நான் பழக்கத்தில் தலையைத் திருப்பப் போனேன். திருப்பவில்லை. ஏனென்றால் எனக்கு முந்தித் திரும்பியவள் என் மகள்.

வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்த வாய் அப்படியே நிற்க, மாப்பிள்ளையின் கை கைக்குள் இருக்க, பீடத்தடியில் நின்று அவள் கதவைப் பார்த்தாள். யாரோ சத்தம் போட்டார்களே என்று பார்க்கிற பார்வையில்லை அது. எனக்கு அந்தப் பார்வை தெரியும். பதினாறு வருடமாக என் கழுத்துக்குள் இருக்கிற பார்வை. ரயில் பிந்தி வந்த ஒரு குடும்பம், ஈரக் குடையோடு, கூச்சப்பட்டுக்கொண்டு பின் வாங்கில் ஏறியது. மதுஜாவின் கண் அவர்களில் ஒவ்வொருவராகப் பார்த்து முடித்தது. பிறகு முகம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். இரண்டு மூன்று வினாடிதான். ஜெரோசன் கவனித்தானோ தெரியாது. சுவாமி கவனிக்கவில்லை.

நான் கவனித்தேன். அவள் கதைப்பதில்லை என்றால் மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேனே, எவ்வளவு மடைச்சி நான். எனக்கு முன்னால் கதைக்க இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்பா வருவார். வரப்போகிறவரைப் பற்றி அழவும் ஏலாது, பூ வைக்கவும் ஏலாது, கதவைப் பார்க்கத்தான் ஏலும். பத்து வயதிலிருந்து நான் பார்ப்பதைப் பார்த்துப் பார்த்து அவளும் பழகியிருக்கிறாள். நகை நட்டு என்று பெரிதாக ஒன்றும் நான் போடவில்லை. என் காத்திருப்பைத்தான் சீதனமாகக் கொடுத்து அனுப்பப் போகிறேன். தாலி ஏறும்போது எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கொட்டிலுக்குத் திரும்பியபோது நாலு மணி. புகார் கடைசியில் விலகி, ஏரி தெரிந்தது. மெழுகுதிரிகள் ஜாம் போத்தல்களுக்குள் எரிந்தன. சனம் சேராத கோப்பைகளைத் தூக்கிப் பார்த்து, "வடிவாய் இருக்கு, என்ன?" என்றது. கொட்டிலைப் பற்றிக் குறை சொல்ல வந்த ஆட்களும் உளுந்துவடையை வாயில் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றார்கள். நான் மேசைக்கு மேசை போய், யாரும் கேட்காத கைக்குட்டைகளை நேராக்கிக்கொண்டு திரிந்தேன்.

றெஜினா அக்கா படமேசைக்கு முன்னால் நின்றா. நானும் போனேன். அவ வளையம் மாட்டிய மூன்றையும் பார்த்தா, மாட்டாத இரண்டையும் பார்த்தா. விளங்காத மனுசி இல்லை. கார்ட் கதைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் அளவோடுதான் கதைத்து வந்தோம். என்ன சொல்லப் போகிறா என்று நான் விறைத்துப் போய் நின்றேன்.

"இளந்தாரிக் காலத்தில நல்ல வடிவாய் இருக்கிறார்," என்றா எங்கள் படத்தைப் பார்த்து. 'இருந்தவர்' என்று சொல்லவில்லை, எனக்காகத்தான் அப்படிச் சொன்னா. "மதுஜாவுக்கு அவற்ற நெத்திதான்."

அவ எதிர்த்து ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் பிடிவாதமாக நின்றிருப்பேன். அவ அப்படி எனக்கு விட்டுத் தந்தபோது எனக்குப் பிடித்துக்கொண்டு நிற்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவர் இல்லை என்று யாராவது வந்து சொல்லுவார்கள் என்று பதினாறு வருடம் இருந்தேன். யாரும் சொல்லப் போவதில்லை. கலியாண நாளில் இப்படியொரு காரியம் செய்யக் கூடாது என்று தெரியும். நாளைக்குச் செய்வோம் என்று விட்டால் நான் செய்யமாட்டேன் என்றும் தெரியும். நாளைக்கு அவள் அந்தப் பார்வையோடு வேறு வீட்டில் இருப்பாள்.

"அக்கா, பிள்ளையை ஒருக்கா வரச் சொல்லுங்கோ," என்றேன். "அவளின்ர பூ வெட்டுற கத்தரியையும் எடுத்துக்கொண்டு."

மதுஜா சட்டையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள். கரையில் சேறு. நான் ஆப்பிள் பெட்டிக்குள் கை விட்டு, சாம்பல் நீல வளையத்தை வெளியே எடுத்தேன்.

"இது முழுசாய் வைச்சால் நானும் செத்த ஆளாய்ப் போயிடுவன்," என்றேன். "அப்பான்ர பக்கம் மட்டும் வாறமாதிரி வெட்டித் தரேலுமோ?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தலையில் பூவோடு, லேஸ் சட்டையோடு, கொட்டில் நிலத்தில் அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். கத்தரியின் அடிப்பக்கத்தால் கம்பியை இரண்டு இடத்தில் நறுக்கினாள். பூ உதிராமல் நுனிகளை மெல்லிய கம்பியால் சுற்றினாள், ஒரு காயைக் கழற்றி வேறு இடத்தில் வைத்தாள், சரிபார்த்தாள். வேலை செய்யும்போது அவளுக்கு எப்போதும் வருகிற நிதானம் அப்போதும் வந்தது. கண்ணீர் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. றெஜினா அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் சனத்துக்கும் நடுவில், சேலையைப் பரப்பிக்கொண்டு முதுகு காட்டி நின்றுகொண்டா.

"மிச்சப் பாதியை என்ன செய்யிறது?" என்று கேட்டாள் மதுஜா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"வைச்சிரு. எனக்கு அவசரமில்லை."

அவள் அழுகைக்கு நடுவே சிரித்தாள். எழுந்து, அரைவட்டத்தை எங்கள் படத்தின் இடப்பக்கத்தில் பொருத்தினாள். இரவல் கோட்டுப் போட்டவரின் தோளோடு அது சரியாக நின்றது. என் பக்கம் வெறுமையாக இருந்தது. எனக்கு வந்த அழுகை நான் பயந்திருந்த அழுகை இல்லை. அது நல்லது என்றும் சொல்லமாட்டேன். பாரமாக இருந்தது, ஆனால் என்ன பாரம் என்று தெரிந்த பாரம்.

கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். றெஜினா அக்கா திரும்பி, "வாங்கோ யூஜினி, நீங்கள்தான் முன்னுக்கு நிக்க வேணும்," என்று என் கையைப் பிடித்தா. அவவின் பிடி பலமாக இருந்தது. நான் இரண்டு அடி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மதுஜா இன்னும் படத்துக்கு முன்னாலேயே நின்றாள்.

"அம்மா," என்றாள் படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பா பஸ்ஸில ஏறேக்க 'போட்டு வாறன்' எண்டு எனக்கும் சொன்னவர்."

இத்தனை வருடமும் அதை அவர் எனக்கு மட்டும் சொன்னார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.